‘உக்ரைனா’ ஹோட்டலும் பெயர் மாற்றப்பட்ட பிள்ளைகளும்

மொஸ்கோ நகரின் மேற்கே, ஆற்றின் வளைவில், குத்துசோவ்ஸ்கி நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில் கோபுரம்போல ஒரு ஹோட்டல் நிற்கிறது. 1957இல் திறக்கப்பட்டது. உயரம் ஏறத்தாழ 200 மீற்றர். உச்சியில் ஊசி முனை, அதன் மேல் ஒரு நட்சத்திரம். ஸ்டாலின் காலத்தில் திட்டமிடப்பட்டு மொஸ்கோவின் வானத்தை இன்றும் ஆளுகின்ற ‘ஏழு சகோதரிகள்’ எனப்படும் கட்டடங்களில் இதுவும் ஒன்று. ஹோட்டலுக்கு முன்னால் உக்ரைனின் தேசியக் கவிஞர் தராஸ் ஷெவ்செங்கோவின் சிலை இருக்கிறது. ஏனென்றால், இந்த ஹோட்டலின் பெயர் ‘உக்ரைனா’.

1990களிலும் 2000களிலும் இதன் மின்தூக்கிகளில் ஒரு குறிப்பிட்ட வகை விருந்தினரை அடிக்கடி காணமுடிந்தது. நடுத்தர வயதைத் தொடும் ஒரு அமெரிக்கத் தம்பதி. அவர்களின் இடுப்பில் அல்லது தள்ளுவண்டியில் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை. பிள்ளைக்கு அவர்களின் மொழி தெரியாது, அவர்களுக்குப் பிள்ளையின் மொழி தெரியாது. ஆற்றுக்கு அப்பால் நடந்து போகும் தூரத்தில் அமெரிக்கத் தூதரகம். அங்கே விசா கிடைத்ததும் பிள்ளை விமானம் ஏறிவிடும். அதுவரைக்கும் இந்தக் கோபுரத்தில் ஓர் அறைதான் அந்த மூவரின் முதல் வீடு.

இன்று அந்த நாட்டின் ஜனாதிபதிக்கு எதிராகச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணை இருக்கிறது. குற்றச்சாட்டு, உக்ரைன் பிள்ளைகளைச் சட்டவிரோதமாக நாடுகடத்தியமை. இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையில் நடந்தது என்ன என்று பார்ப்பது எமக்குப் பயனுள்ளது. பிள்ளை கையளிக்கப்பட்ட இடத்தையும் நாளையும் இன்றும் சொல்லக்கூடிய, பிள்ளை எங்கே என்பதற்கு மட்டும் பதில் கிடைக்காத தாய்மார் வாழும் மண் எம்முடையது.

சோவியத் ஹோட்டலில் ஒரு குடும்பம்

சோவியத் காலத்து ஹோட்டல் வெறும் தங்குமிடமாக இருக்கவில்லை. வெளிநாட்டவரை வரவேற்பதற்கும் அவர்களைக் கண்காணிப்பதற்கும் அரசு வைத்திருந்த ஒரே வாசல் அது. ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கிக்கு எதிரே ஒரு மேசை போட்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பார். ரஷ்ய மொழியில் ‘தெஜூர்னயா’ என்பார்கள், முறைக்கடமையில் இருப்பவர் என்று பொருள். அறைச் சாவி அவரிடம் இருக்கும். யார் வந்தார், யார் போனார் என்பது அவருக்குத் தெரியும். தேநீருக்குச் சுடுநீர் தருபவரும் அவரே. வந்திறங்கியதும் கடவுச்சீட்டை வரவேற்பு மேசையில் ஒப்படைக்கவேண்டும். பதிவு முடிந்த பின்னர்தான் அது திரும்பக் கிடைக்கும்.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பின்னரும் இந்தப் பழக்கங்கள் உடனே கலையவில்லை. 2007இல் ‘உக்ரைனா’ புனரமைப்புக்காக மூடப்படும் வரையில் அங்கே தங்கியவர்கள் இரண்டு காலங்களையும் ஒன்றாகக் கண்டார்கள். கூரையில் ஓவியங்கள், பளிங்குத் தூண்கள். அதே கட்டடத்தில் தேய்ந்த கம்பளங்கள், மெதுவாக வரும் மின்தூக்கி, அடக்கமுடியாத வெப்பமூட்டி. 2010இல் அது சர்வதேச ஆடம்பர ஹோட்டலாக மீண்டும் திறக்கப்பட்டது.

தத்தெடுக்க வந்தவர்கள் இந்தச் சூழலுக்குள் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். காலை உணவு மேசையில் பாண் துண்டை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துவைக்கும் பிள்ளை. இரவில் அழாமல், கட்டிலில் தன்னைத்தானே முன்னும் பின்னும் ஆட்டித் தூங்கப்போகும் பிள்ளை. நிறுவனங்களில் வளர்ந்த பிள்ளைகளிடம் வைத்தியர்கள் நன்கறிந்த நடத்தைகள் இவை. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்பதைக் கற்றுக்கொண்ட பிள்ளை அழுவதை நிறுத்திவிடுகிறது. அந்தப் பெற்றோரில் பலருக்குத் தாங்கள் என்ன பொறுப்பை ஏற்றிருக்கிறோம் என்பது முதன்முதலில் புரிந்தது ஒரு ஹோட்டல் அறையில்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தத்தெடுப்பின் அரசியலைப் பேசும்போது அந்தப் பெற்றோரைக் குற்றவாளிகளாக வரைவது எளிது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நல்லெண்ணத்தோடு வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த பிள்ளைகளில் பலர் இல்லையென்றால் பதினெட்டு வயதுவரை நிறுவனங்களிலேயே வளர்ந்திருப்பார்கள். இங்கே ஆராயவேண்டியது அவர்களின் மனதை விட, பிள்ளை கைமாறும்போது அரசுகள் வைத்திருந்த ஒழுங்கைத்தான்.

பத்து நாட்கள் எதற்காக?

1990களின் தொடக்கத்திலிருந்து 2012 வரைக்கும் ஏறத்தாழ 60,000 ரஷ்யப் பிள்ளைகள் அமெரிக்கக் குடும்பங்களுக்குப் போனார்கள். 2004ஆம் நிதியாண்டு அதன் உச்சம். உலகெங்குமிருந்து அந்த ஆண்டு அமெரிக்காவுக்கு வந்த தத்துப் பிள்ளைகள் 23,000 அளவில். அவர்களில் 5,800க்கும் அதிகமானோர் ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள்.

நடைமுறை நீண்டது. முதற் பயணத்தில் பிராந்திய அதிகாரிகளைச் சந்தித்து, பிள்ளைகள் இல்லத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பார்ப்பார்கள். பின் பிள்ளையை விட்டுவிட்டு நாடு திரும்பவேண்டும். மாதக்கணக்கில் கழித்து இரண்டாவது பயணம், நீதிமன்ற விசாரணை. பிற்காலத்தில் மொஸ்கோவில் எட்டு வைத்திய நிபுணர்கள் முன்னிலையில் தத்தெடுப்பவரே பரிசோதனைக்குத் தோன்றவேண்டும் என்ற விதியும் பல பிராந்தியங்களில் நடைமுறையில் இருந்தது. முகவர் நிறுவனங்களுக்கான கட்டணம், பயணம், ஹோட்டல் எல்லாம் சேர்த்துச் செலவு பல பத்தாயிரம் டொலர்களுக்குப் போகும்.

நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் பிள்ளையை உடனே எடுத்துச்செல்ல முடியாது. பத்து நாட்கள் காத்திருக்கவேண்டும். மேன்முறையீட்டுக்கான காலம் அது. அந்தத் தீர்ப்பை எதிர்க்க உரிமையுள்ள எவரும் முன்வருவதற்கான இடைவெளி. ஆரம்பத்தில் நீதிபதிகள் இதைத் தள்ளுபடி செய்வது வழக்கம். பின்னர் அது அரிதாகியது. ஹோட்டல் அறைகளில் இருந்த பெற்றோருக்கு இந்தப் பத்து நாட்கள் பெரும் வேதனை. ஒவ்வொரு இரவுக்கும் பணம் போகிறது, வேலை விடுமுறை கரைகிறது, பிள்ளையோ இன்னமும் இல்லத்தில்.

ஆனால், அந்தப் பத்து நாட்கள் யாருக்காக வைக்கப்பட்டவை என்று கேட்டுப்பார்க்கவேண்டும். ஹோட்டலில் இருப்பவருக்காக அல்ல. அந்தக் கதையில் எங்கும் தோன்றாத இன்னொருவருக்காக. வறுமையில், நோயில், குடிப்பழக்கத்தில், சிறையில் இருந்த ஒரு தாய்க்காக. தொலைதூரக் கிராமத்தில் இருந்து, தன் பேரப்பிள்ளை இல்லத்தில் இருப்பதைத் தாமதமாக அறிந்த ஒரு அம்மம்மாவுக்காக. 2000களின் நடுப்பகுதியில் இதற்கு மேலும் ஒரு பாதுகாப்புச் சேர்க்கப்பட்டது. ஒரு பிள்ளையின் பெயர் தேசியத் தரவுத்தளத்தில் ஆறு மாதங்கள் இருந்து, உள்நாட்டில் எந்தக் குடும்பமும் ஏற்காத பின்னர்தான் வெளிநாட்டவருக்குக் கொடுக்கலாம் என்பது அது.

அதே சட்டத்துக்குள் எதிர்த் திசையில் ஒரு கதவும் திறந்திருந்தது. ‘தத்தெடுப்பின் இரகசியம்’ என்பது சோவியத் காலத்திலிருந்து வரும் கோட்பாடு. ரஷ்யக் குடும்பச் சட்டக்கோவை தத்தெடுக்கப்படும் பிள்ளையின் பெயரை மாற்ற அனுமதிக்கிறது. பிறந்த இடத்தை மாற்றவும் அனுமதிக்கிறது. கைக்குழந்தையாக இருந்தால் பிறந்த திகதியைக்கூட மூன்று மாதங்கள் வரையில் முன்பின்னாக்கலாம். பிள்ளையை அவதூறிலிருந்து காப்பதற்காக எழுதப்பட்ட விதி இது. தவறான கைகளில் அது ஒரு பிள்ளையின் தடயத்தையே அழிக்கும் கருவியாக முடியும்.

துருப்புச்சீட்டு

2012 நவம்பர் 1ஆம் திகதி, ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் தத்தெடுப்பு ஒப்பந்தம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவுக்குப் போன ரஷ்யப் பிள்ளைகளில் சிலர் வளர்ப்புப் பெற்றோரின் கொடுமையாலும் அலட்சியத்தாலும் உயிரிழந்திருந்தார்கள். 2010இல் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அவனது வளர்ப்புத் தாய் தனியாக விமானமேற்றி மொஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பிய சம்பவம் ரஷ்ய மக்களை உலுக்கியிருந்தது. இந்தக் கோபம் நியாயமானது. கண்காணிப்பை இறுக்குவதற்காகவே ஒப்பந்தம் செய்யப்பட்டது.

அந்த ஒப்பந்தம் இரண்டு மாதங்கள்கூட முழுதாக உயிர்வாழவில்லை. மொஸ்கோ சிறையில் 2009இல் இறந்துபோன சேர்ஜி மக்னிட்ஸ்கியின் பெயரால், மனித உரிமை மீறலில் தொடர்புடைய ரஷ்ய அதிகாரிகளுக்குத் தடை விதிக்கும் சட்டத்தில் அமெரிக்க ஜனாதிபதி 2012 டிசெம்பர் 14 அன்று ஒப்பமிட்டார். சரியாக இரண்டு வாரங்களில், டிசெம்பர் 28 அன்று, புட்டின் பதில் சட்டத்தில் ஒப்பமிட்டார். அமெரிக்கர் எவரும் ரஷ்யப் பிள்ளையைத் தத்தெடுக்கக்கூடாது. 2008இல் அமெரிக்காவில் வெயிலில் நின்ற காருக்குள் மறந்துவிடப்பட்டு இறந்த ஒரு குழந்தையின் பெயரால் அது ‘திமா யாகொவ்லெவ் சட்டம்’ என அழைக்கப்பட்டது.

அதிகாரிகளுக்கான விசாத் தடைக்குப் பதிலடி, அநாதைப் பிள்ளைகள் மீது. 2013 ஜனவரியில் பல்லாயிரம் ரஷ்யர்கள் மொஸ்கோ வீதியில் இறங்கி இதை எதிர்த்தார்கள். ஏற்கெனவே முதற் பயணத்தை முடித்து, பிள்ளையை மடியில் வைத்து, ‘திரும்பி வருவோம்’ என்று சொல்லிவிட்டுப் போன குடும்பங்கள் இருந்தன. அவர்களால் திரும்பி வர முடியவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017 ஜனவரியில் நீதிமன்றம், இந்தத் தடை பாரபட்சமானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. சிறு பிள்ளையின் வாழ்வில் நான்கு ஆண்டு என்பது ஏறத்தாழ முழுக் குழந்தைப்பருவம்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. ஓர் அரசு பிள்ளைகளைப் பற்றி மிகவும் உரத்துப் பேசும்போது, அது உண்மையில் வேறு எதைப் பற்றிப் பேசுகிறது என்று பார்க்கவேண்டும். ‘எமது பிள்ளைகள் அந்நியருக்குச் செல்லக்கூடாது’ என்ற குரல் 2012இல் எழுந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, அதே அரசு அந்நிய நாட்டுப் பிள்ளைகளைத் தன்னுடையவர்களாக எழுதிக்கொள்ளத் தொடங்கியது.

கீவ் நகரின் ‘மொஸ்க்வா’

மொஸ்கோவில் ‘உக்ரைனா’ இருந்ததுபோல், உக்ரைன் தலைநகர் கீவில் ‘மொஸ்க்வா’ என்று ஒரு ஹோட்டல் இருந்தது. நகரின் மையச் சதுக்கத்துக்கு மேலே, மேட்டில் நிற்கும் கட்டடம், 1961இல் திறக்கப்பட்டது. அதையும் ஸ்டாலின் பாணிக் கோபுரமாகத்தான் வரைந்திருந்தார்கள். கட்டடங்களில் ‘மிகை அலங்காரம்’ வேண்டாம் என்று 1955இல் குருஷேவ் ஆட்சி பிறப்பித்த உத்தரவால் அதன் உச்சி வெட்டப்பட்டது. உக்ரைன் சுதந்திரம் பெற்றுப் பத்து ஆண்டுகள் ஆனபின், 2001இல் அதன் பெயரும் ‘உக்ரைனா’ ஆனது.

கீவுக்கும் தத்தெடுக்கும் குடும்பங்கள் வந்தன. உக்ரைனின் நடைமுறை வேறு. குறிப்பிட்ட பிள்ளையை முன்கூட்டியே ஒதுக்கமாட்டார்கள். தலைநகரில் உள்ள அரச திணைக்களத்தில் நேரம் எடுத்து, கோப்புகளைப் பார்த்து, பிறகு அந்தப் பிள்ளை இருக்கும் மாவட்டத்துக்குப் பயணப்படவேண்டும். பலர் வாடகை வீடுகளில் தங்கினார்கள். சிலர் இந்தப் பழைய ஹோட்டலில் தங்கி, சதுக்கத்தைப் பார்த்தபடி தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தார்கள்.

2014 பெப்ரவரி 20 அன்று அதே சதுக்கத்தில் ஆர்ப்பாட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஹோட்டலின் வரவேற்புக்கூடம் அவசர சிகிச்சை நிலையமானது. அதன் தரையில் சடலங்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டன. பாடசாலையும் கோயிலும் ஒரே நாளில் வைத்தியசாலையாகவும் பிணவறையாகவும் மாறுவதைக் கண்ட எமக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. அரசுடைமையாக இருந்த அந்த ஹோட்டல், போர்க்காலத்தில் 2024 செப்டெம்பரில் ஏலத்தில் விற்கப்பட்டது.

2022 பெப்ரவரியில் ரஷ்யாவின் முழு அளவிலான படையெடுப்பு தொடங்கியதும் உக்ரைன் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தியது. ஏற்கெனவே பிள்ளையைச் சந்தித்துப் பாதி வழியில் இருந்த குடும்பங்கள் மீண்டும் ஒருமுறை உடைந்துபோயின. ஆனால், 2012இல் ரஷ்யா செய்ததோடு இதை ஒன்றாக எண்ணக்கூடாது. போரின் நடுவில் ஒரு பிள்ளை தனியாக இருப்பதால் அது அநாதை என்று ஆகிவிடாது. தாய் பதுங்குகுழியில் இருக்கலாம், தந்தை தடுப்புக்காவலில் இருக்கலாம், பாட்டி எல்லைக்கு அப்பால் அகதி முகாமில் இருக்கலாம். இதனால்தான் அனர்த்தத்திலும் போரிலும் தத்தெடுப்பை நிறுத்திவைக்கவேண்டும், முதலில் குடும்பத்தைத் தேடவேண்டும் என்பது சர்வதேச நியமம். ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் வழிகாட்டல் அந்தத் தேடலுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகளையாவது கேட்கிறது.

பத்து நாள் காத்திருப்பின் நியாயமும் இதுதான். போரில் அந்தப் பத்து நாட்கள் ஆண்டுகளாக நீளவேண்டும்.

காத்திருக்காத அரசு

ரஷ்யா எதிர்த் திசையில் போனது. 2022 மே 30 அன்று புட்டின் ஓர் ஆணையில் ஒப்பமிட்டார். பெற்றோரை இழந்த அல்லது பெற்றோரின் பராமரிப்பு இல்லாத உக்ரைன் பிள்ளைகளுக்கு ரஷ்யக் குடியுரிமை வழங்கும் வழி அதனால் இலகுவாக்கப்பட்டது. நிர்வாகச் சலுகைபோல் தோன்றும் இந்த ஆணையின் விளைவு பெரியது. ஒரு வெளிநாட்டுப் பிள்ளையைத் தத்தெடுக்கப் பிள்ளையின் சொந்த நாடு சம்மதிக்கவேண்டும். பிள்ளை ரஷ்யக் குடிமகன் ஆகிவிட்டால் யாரிடமும் சம்மதம் கேட்கத் தேவையில்லை.

ரஷ்யத் தரப்பு இதை மனிதாபிமான வெளியேற்றம் என்கிறது. குண்டுவீச்சிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றினோம் என்கிறது. ரஷ்யாவின் சிறுவர் உரிமை ஆணையாளர் மரியா ல்வோவா பெலோவா, மரியுபோல் நகரத்துப் பதின்ம வயதினர் ஒருவரைத் தானே தன் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டதைத் தொலைக்காட்சியில், புட்டினுக்கு முன்னாலேயே சொன்னார். அடுத்த மாதமே, 2023 மார்ச் 17 அன்று, சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அந்த இருவருக்கும் பிடியாணை பிறப்பித்தது.

உக்ரைன் அரசு அடையாளம் கண்டிருக்கும் நாடுகடத்தப்பட்ட பிள்ளைகள் 19,000க்கும் அதிகம். திரும்பி வந்தவர்கள் அதில் ஒரு சிறு பகுதியினர் மட்டுமே. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கை, கட்டாயத் தத்தெடுப்பு மற்றும் வளர்ப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட 314 பிள்ளைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டது. 2023 நவம்பரில் பிபிசி பனோரமா நிகழ்ச்சி ஒரு பிள்ளையின் தடத்தைப் பின்தொடர்ந்தது. கெர்சன் நகரப் பிள்ளைகள் இல்லத்திலிருந்து பத்து மாத வயதில் கொண்டுசெல்லப்பட்ட பெண் குழந்தை. ரஷ்ய அரசியல்வாதி சேர்ஜி மிரோனொவின் மனைவி அந்தக் குழந்தையைத் தத்தெடுத்ததாகவும், அதன் பெயரும் பிறந்த இடமும் ஆவணத்தில் மாற்றப்பட்டிருப்பதாகவும் நிகழ்ச்சி தெரிவித்தது. மிரோனொவ் இதைப் பொய்ப் பிரசாரம் என்று மறுத்தார்.

‘தத்தெடுப்பின் இரகசியம்’ என்ற பழைய விதி என்ன வேலையைச் செய்யக்கூடும் என்பது இங்கே தெரிகிறது. பெயர் மாறினால், பிறந்த ஊர் மாறினால், பிள்ளையைத் தேடும் உறவினர் எந்தப் பட்டியலிலும் அதைக் கண்டுபிடிக்கமாட்டார். பிள்ளை வளர்ந்தபின் தன்னைத் தானே தேடினாலும் கிடைக்காது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 8ஆம் உறுப்புரை பெயர், தேசியம், குடும்ப உறவு ஆகியவற்றைக் கொண்ட அடையாளத்தைப் பேணும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குகிறது. இனப்படுகொலைத் தடுப்புச் சமவாயத்தின் இரண்டாம் உறுப்புரை இன்னும் கடுமையானது. ஒரு குழுவை அழிக்கும் நோக்கத்துடன் அதன் பிள்ளைகளை இன்னொரு குழுவுக்கு வலிந்து மாற்றுவதை அது இனப்படுகொலைச் செயல்களில் ஒன்றாகவே எண்ணுகிறது.

முன்பு, பணம் உள்ள அந்நியத் தம்பதி பிள்ளையைத் தேடி எல்லை தாண்டி வந்து ஹோட்டலில் தங்கியது. இப்போது பெற்ற தாய்மாரும் பாட்டிமாரும் தங்கள் சொந்தப் பிள்ளையைத் தேடி எல்லை தாண்டுகிறார்கள். நேர் எல்லை மூடப்பட்டிருப்பதால் உக்ரைனிலிருந்து போலந்து, அங்கிருந்து பெலாருஸ், பின்னர் ரஷ்யா என்று தொண்டர் அமைப்புகளின் உதவியோடு பஸ்ஸில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம். அவர்களின் கையிலும் ஒரு கோப்பு இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், புகைப்படம், உறவை நிரூபிக்கும் கடிதங்கள். தன் பிள்ளை தன்னுடையது என்று அந்நிய அதிகாரியிடம் நிரூபிக்கவேண்டிய நிலை.

2025 ஓகஸ்டில் அலாஸ்காவில் நடந்த அமெரிக்க, ரஷ்ய உச்சிமாநாட்டின்போது அமெரிக்க ஜனாதிபதியின் துணைவியார் பிள்ளைகள் குறித்துப் புட்டினுக்குக் கடிதம் அனுப்பினார். அதன் பின்னர் ஒக்டோபரில், எட்டுப் பிள்ளைகள் குடும்பத்துடன் சேர்க்கப்பட்டதாக அவர் அறிவித்தார். எட்டுக் குடும்பங்களுக்கு அது முழு உலகம். ஆயினும் பிள்ளைகளின் மீட்பு சட்டக் கடமையாக இல்லாமல் நல்லெண்ணச் சைகையாக மாறும்போது, 2012இன் துருப்புச்சீட்டு வேறொரு கையில் மீண்டும் வருகிறது.

இலங்கையின் ஹோட்டல் அறைகள்

இந்தக் கதையை ஐரோப்பாவின் கதை என்று நாம் தள்ளிவைக்க முடியாது. எமது சட்டநூல்கள் ‘மகவேற்பு’ என்று குறிப்பிடும் இந்த நடைமுறைக்கு, இலங்கையும் ஒரு காலத்தில் முக்கியமான தோற்றுவாய் நாடு. 1970களிலும் 80களிலும் சுமார் 11,000 குழந்தைகள் இங்கிருந்து ஐரோப்பியக் குடும்பங்களுக்குப் போனார்கள். நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து, சுவீடன், ஜேர்மனி. அந்தத் தம்பதிகளும் ஹோட்டல்களிலும் விருந்தினர் இல்லங்களிலும் தங்கி, நீதிமன்ற நாளுக்காகக் காத்திருந்தார்கள். ரஷ்யாவில் மாதக்கணக்கில் நடந்தது இங்கே சில வாரங்களில் முடிந்தது.

2017இல் நெதர்லாந்தின் ‘செம்ப்லா’ தொலைக்காட்சி நிகழ்ச்சி, நீதிமன்றத்தில் ‘தாய்’ என்று வந்து நின்ற பெண்களில் சிலர் உண்மைத் தாய்மாரே அல்லர், பணம் கொடுத்து நிறுத்தப்பட்டவர்கள் என்பதை வெளிக்கொணர்ந்தது. பிள்ளை இறந்துவிட்டது என்று வைத்தியசாலையில் கூறப்பட்ட தாய்மார் பேசினார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன ‘குழந்தைப் பண்ணைகள்’ இருந்ததை ஏற்றுக்கொண்டார். சுவிற்சர்லாந்து அரசு, 1973 முதல் 1997 வரையிலான இலங்கைத் தத்தெடுப்புகளில் நடந்த முறைகேடுகளுக்காக 2020 டிசெம்பரில் வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021இல் எல்லா வெளிநாட்டுத் தத்தெடுப்புகளையும் இடைநிறுத்தியது.

அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்களே இப்போது இலங்கைக்கு வந்து ஹோட்டல்களில் தங்குகிறார்கள், தங்கள் தாயைத் தேடி. கையில் இருக்கும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் உண்மையா, முகவரி உண்மையா என்று தெரியாது. அவர்கள் பிறந்தது இனமுரண்பாடு போராக மாறிய காலம், அவர்களுக்கு வேண்டிய பதிவுகள் தொலைந்த காலம். 1992இல் இங்கு சட்டம் இறுக்கப்பட்டதும், 1995இல் நாடுகளுக்கு இடையிலான தத்தெடுப்புப் பற்றிய ஹேக் சமவாயத்தை இலங்கை ஏற்றதும் நல்லவை. ஏற்கெனவே போனவர்களின் தாள்களை அவை திருத்தமாட்டா.

இன்னொரு காத்திருப்பும் இருக்கிறது. 2009 மே மாதத்தில் படையினரிடம் சரணடைந்த, கையளிக்கப்பட்ட குடும்பங்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரம் தொடங்கிய போராட்டத்தில் கைக்குழந்தைகளின் படங்களும் தொங்குகின்றன. படத்தில் இரண்டு வயதாக இருக்கும் பிள்ளைக்கு இன்று பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கவேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதை நான் ஊகிக்கப்போவதில்லை. ஊகிக்கவேண்டிய நிலையில் தாய்மாரை வைத்திருப்பதுதான் குற்றம். கையேற்றவர் யார், எங்கே கொண்டுசென்றார், எந்தப் பதிவேட்டில் எழுதினார் என்பதற்குப் பதில் சொல்லும் கடமை கையேற்ற அரசுக்கே உரியது. உக்ரைன் பிள்ளைகள் விடயத்தில் ஹேக் நீதிமன்றம் அந்தக் கடமையை உலகத்துக்கு நினைவுபடுத்தியிருக்கிறது.

தாள் என்பது ஒரு வழி

உலகளவில் வெளிநாட்டுத் தத்தெடுப்பு மங்கி வருகிறது. 2024இல் சீனா அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. உச்சத்தில் 23,000 பிள்ளைகள் வந்த அமெரிக்காவுக்கு 2023ஆம் நிதியாண்டில் வந்தவர்கள் 1,300க்கும் குறைவு. மொஸ்கோ ‘உக்ரைனா’வின் மின்தூக்கிகளில் தள்ளுவண்டியோடு அமெரிக்கத் தம்பதிகள் நின்ற காலம் திரும்பப்போவதில்லை. அதற்காக வருந்தவேண்டியதும் இல்லை, மகிழவேண்டியதும் இல்லை. உண்மையிலேயே குடும்பம் இல்லாத பிள்ளைகள் இன்னமும் இல்லங்களில் இருக்கிறார்கள்.

மிஞ்சியிருக்கும் பாடம் எளிமையானது. பிள்ளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது இரண்டு விடயங்கள் இருக்கவேண்டும். ஒன்று காத்திருப்பு, உரிமையுள்ளவர் வந்து சேரும் வரைக்கும். மற்றது பதிவு, பிள்ளை வளர்ந்த பின்னும் திரும்பி வரக்கூடிய வழியாக. ஹோட்டல் அறையில் பத்து நாட்களைச் சலிப்போடு எண்ணிய அந்நியப் பெற்றோருக்கு அன்று அது வெறும் தாமதம். அந்தத் தாமதத்தை ஓர் அரசு நீக்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கெர்சன் நகரின் பிள்ளைகள் இல்லத்தில் காலியாகிப்போன கட்டில்கள் காட்டுகின்றன.

மொஸ்கோ ஹோட்டலின் முன்னால் ஷெவ்செங்கோவின் சிலை இன்னமும் நிற்கிறது. கோபுரத்தின் பெயரும் இன்னமும் ‘உக்ரைனா’தான். கட்டடத்தின் பெயரை மாற்றாமல் விட்டவர்கள், பிள்ளைகளின் பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.